தேனீ இல்லன்னா சாம்பார்ல என்ன மிஞ்சும்? டீன் ஏஜ் மாணவர்கள் தட்டிலிருந்து படிக்க வேண்டிய பாடம்

மகரந்தச் சேர்க்கை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பள்ளி அறிவியல் புத்தகத்தில் இருக்கும் பூவின் படம்தான். சூல்முடி, சூல்தண்டு, சூலகம், மகரந்தப்பை என்று பாகங்களைக் குறித்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால், நல்ல மதிப்பெண் வாங்கிய அதே மாணவரிடம், "இன்னைக்கு மதியம் நீ சாப்பிட்ட சாம்பார்ல எந்தெந்தக் காய்க்குப் பூச்சி தேவைப்பட்டுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. புத்தகத்தில் பூ இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டு இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் மே 20ஆம் தேதி உலகத் தேனீ நாள் வருகிறது. தேனீக்களைக் காப்போம் என்ற வாசகத்துடன் படங்கள் சமூக ஊடகங்களில் சுற்றும். அப்போது தமிழ்நாட்டில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. பள்ளி திறக்கும்போது அந்தப் பேச்சு அடங்கியிருக்கும்.

அழியும் பூச்சிகளுக்கும் நாம் சாப்பிடும் உணவுக்கும் என்ன தொடர்பு? அதை 13 முதல் 18 வயது வரை உள்ள மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தரலாம்? தேனீப் பெட்டி வைத்தால் மட்டும் பிரச்னை தீர்ந்துவிடுமா? விரிவாகப் பார்ப்போம்.

சாம்பாரில் யார் யாருக்குப் பூச்சி தேவை?

ஒரு பூவின் மகரந்தத் தூள் சூல்முடியில் போய்ச் சேர்ந்தால்தான் காயும் விதையும் உருவாகும். சில செடிகளில் இது தானாகவே நடக்கும். சிலவற்றுக்குக் காற்று போதும். மற்றவற்றுக்கு யாராவது சுமந்துகொண்டு போக வேண்டும். தேனீ, வண்டு, ஈ, பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, வௌவால், தேன்சிட்டு எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஒரு சாதாரண சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

அரிசி: நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூச்சி தேவையில்லை. உளுந்தும் பெரும்பாலும் அப்படித்தான். எனவே இட்லிக்கும் சோற்றுக்கும் ஆபத்தில்லை.

துவரம்பருப்பு: துவரை தானாகவும் காய்க்கும். ஆனால் தேனீக்கள் வந்துபோனால் அயல் மகரந்தச் சேர்க்கையும் நடக்கும்.

பரங்கிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய்: இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சி வராவிட்டால் காய் இல்லை.

முருங்கைக்காய்: தேனீக்கள் தேவை. குறிப்பாக, மரக்கட்டையைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கறுப்புத் தேனீக்கள் இதில் முக்கியமானவை. கீரைக்குப் பூச்சி வேண்டாம், காய்க்கு வேண்டும்.

பெரிய வெங்காயம்: நாம் சாப்பிடும் வெங்காயத்துக்குப் பூச்சி தேவையில்லை. அடுத்த முறை விதைக்க வேண்டிய விதைக்குத் தேவை. கேரட்டுக்கும் இதே கதைதான்.

கொத்தமல்லி, கடுகு: கொத்தமல்லி விதைக்கும் கடுகுக்கும் தேனீக்களின் பங்கு பெரிது.

சாப்பிட்டு முடித்துக் காபி குடிப்பவர்கள் கவனிக்க: ரொபஸ்டா காபிச் செடியால் தன் மகரந்தத்தை வைத்துக் காய்க்க முடியாது. வேறு செடியின் மகரந்தம் காற்றிலோ தேனீயிலோ வந்தாக வேண்டும். பாயசத்தில் போடும் ஏலக்காய்க்கும் தேனீதான் ஆதாரம்.

ஆக, தேனீக்கள் இல்லாமல் போனால் சோறு இருக்கும், கொஞ்சம் பருப்பு இருக்கும். சாம்பாரைச் சாம்பாராக்கும் பல காய்கள் குறைந்துபோகும் அல்லது சாமானிய மக்கள் வாங்க முடியாத விலைக்குப் போகும்.

'மனித இனமே அழியும்' என்பது உண்மையா?

"தேனீக்கள் அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனம் அழியும்" என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. அந்தக் கருத்தும் சரியானதல்ல.

உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதன்படி, 87 பயிர்களுக்கு விலங்குகள் மற்றும் பூச்சிகள் மூலமான மகரந்தச் சேர்க்கை ஏதாவது ஒரு அளவில் உதவுகிறது. சுமார் நான்கில் மூன்று பங்கு பயிர்கள்.

எடையை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு. நெல், கோதுமை, மக்காச்சோளம் போன்ற, பூச்சி தேவைப்படாத பயிர்கள்தான் உலக உணவில் பெரும் எடையைத் தருகின்றன. உலகப் பயிர் உற்பத்தி அளவில் 5 முதல் 8 சதவீதம்தான் நேரடியாக மகரந்தச் சேர்க்கையாளர்களால் கிடைக்கிறது என்று, பல்லுயிர் குறித்த சர்வதேச அறிவியல் அமைப்பான ஐ.பி.பி.இ.எஸ். 2016இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

அப்படீன்னா கவலைப்பட வேண்டியதில்லையா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. எடையில் குறைவாக இருக்கும் அந்தப் பங்கில்தான் பழங்கள், காய்கறிகள், கொட்டைகள், எண்ணெய் வித்துகள் இருக்கின்றன. வைட்டமின் ஏ, வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற சத்துகளில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே வருகிறது. அந்த உற்பத்தியின் ஆண்டு மதிப்பை 23,500 கோடி முதல் 57,700 கோடி டாலர் வரை என்று அதே அறிக்கை கணக்கிட்டது.

வயிறு நிறையும், உடம்புக்குத் தேவையானது கிடைக்காது. மகரந்தச் சேர்க்கையாளர்கள் குறைவதன் உண்மையான ஆபத்து இதுதான். மனித இனம் அழியும் என்று பயமுறுத்துவதைவிட, சத்துக்குறைவு வரும் என்று சொல்வது மாணவர்களுக்குச் சரியான தகவல்.

டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம்?

சத்துக்குறைவு ஏற்கெனவே இந்த வயதினரைத்தான் கடுமையாகப் பாதிக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம்.

ரத்தசோகைக்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. ரத்த அணுக்கள் உருவாக ஃபோலேட் தேவை. இந்தச் சத்துகளைத் தரும் காய், பழங்களில் பல, பூச்சிகளை நம்பியிருப்பவை.

ரத்தசோகைக்கு வேறு பல காரணங்களும் உண்டு. தேனீ குறைந்ததால்தான் இத்தனை பேருக்கு ரத்தசோகை வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், ஏற்கெனவே காய்கறியும் பழமும் போதுமான அளவு கிடைக்காத வீடுகளில், அவற்றின் விலை இன்னும் ஏறினால் முதலில் குறைவது யார் தட்டில் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

'நிலைத்த உணவு' என்ற சொல்லுக்கும் இதுதான் எளிய விளக்கம். இன்றைய சாப்பாட்டுக்காக நாளைய சாப்பாட்டுக்குத் தேவையான மண்ணையும் தண்ணீரையும் பூச்சிகளையும் அழித்துவிடாமல் இருப்பது.

தேனீன்னா ஒரே ஒரு தேனீயா?

உலகில் 20,000க்கும் அதிகமான தேனீ இனங்கள் இருக்கின்றன. இவற்றில் நாம் எடுத்துச் சாப்பிடும் அளவுக்குத் தேன் சேர்ப்பவை மிகச் சில மட்டுமே.

தமிழ்நாட்டில் தேன் தரும் தேனீக்கள் ஐந்து வகை. பாறையிலும் உயரமான மரத்திலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ. புதரில் சிறிய அடை கட்டும் கொம்புத்தேனீ. மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீ. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட இத்தாலியத் தேனீ. சுவர் இடுக்கில் குடியிருக்கும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீ.

மற்ற தேனீக்கள் பெரும்பாலும் தனியாக வாழ்பவை. ராணி, வேலைக்காரத் தேனீ, பெரிய அடை எதுவும் கிடையாது. தாய்த் தேனீ தானே மண்ணில் குழி தோண்டியோ, காய்ந்த குச்சியில் துளையிட்டோ முட்டை வைக்கும். தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? கத்தரிக்காய் நல்ல உதாரணம். கத்தரிப்பூவின் மகரந்தம், நுனியில் சின்னத் துளை உள்ள குழாய் போன்ற பைக்குள் இருக்கும். உப்பு டப்பாவைக் குலுக்குவதுபோல் பூவை அதிரவைத்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். கறுப்பு நிறப் பெரிய தேனீக்களும், வயிற்றில் நீலக் கோடுகள் கொண்ட நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கும். 'ர்ர்ர்' என்ற சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

மாம்பூக்களுக்கு ஈக்கள் முக்கியமான சேர்க்கையாளர்கள். சாக்லேட் பிடித்தவர்களுக்கு இன்னொரு தகவல்: கொக்கோ பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது குண்டூசித் தலை அளவே உள்ள ஒரு வகைச் சிறு ஈ. அது பெருகுவது தோட்டத்தில் மக்கிக் கிடக்கும் இலைக் குப்பையில். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வளர்க்கப்படுகிறது. தோட்டத்தைத் 'சுத்தமாக' கூட்டிப் பெருக்கினால் சாக்லேட்டுக்கு ஆபத்து என்பது மாணவர்களுக்கு எளிதில் மறக்காது.

தேனீப் பெட்டி வைத்தால் போதுமா?

தேனீக்களைக் காப்பது என்றதும் தேனீ வளர்ப்புதான் பலருக்கும் தோன்றுகிறது. அரசுத் திட்டங்களிலும் அதற்கு முக்கிய இடம் உண்டு. 2020இல் மத்திய அரசு 500 கோடி ரூபாய் மதிப்பில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தை அறிவித்தது. 'இனிப்புப் புரட்சி' என்ற பெயரில் தேன் உற்பத்தியை உயர்த்துவது பேசப்பட்டது.

கிராமப்புற வருமானத்துக்கு இது நல்ல திட்டம். அனுபவமும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1910களில் பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்துப் பயிற்சி தந்தார். அவர் பெயரில் 'நியூட்டன் பெட்டி' இன்றும் பேசப்படுகிறது. 1920களில் இருந்து மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மறுசீரமைப்பு மையம் கன்னியாகுமரி மாவட்ட மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது.

அதே கன்னியாகுமரி இரண்டு பாடங்களையும் சொல்கிறது.

ஒன்று, 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய், பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. பல குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. ஒரே இனத்தை மட்டும் நம்பினால், ஒரே நோயில் எல்லாம் போய்விடும்.

இரண்டு, அந்த மாவட்டத்தின் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களில் இருந்து வருகிறது. ரப்பர் மரத்தின் இளம் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேகரிக்கின்றன. அங்கே பூவும் இல்லை, மகரந்தச் சேர்க்கையும் இல்லை. தேன் மட்டும் நிறையக் கிடைக்கும்.

அதாவது, தேன் உற்பத்தி வேற, மகரந்தச் சேர்க்கை வேற. பள்ளியில் ஒரு பெட்டி வைப்பது மாணவர்களுக்கு ஆர்வம் தரலாம். அது கத்தரித் தோட்டத்தின் கறுப்புத் தேனீக்கோ, மண்ணில் வாழும் சிறு தேனீக்கோ உதவாது. அவற்றுக்குத் தேவை கொஞ்சம் வெற்று மண், காய்ந்த குச்சிகள், வருடம் முழுக்க ஏதாவது ஒரு பூ.

பூச்சிகள் ஏன் குறைகின்றன?

வாழிட இழப்பு, பூச்சிக்கொல்லி, நோய்கள், பருவநிலை மாற்றம் ஆகியவற்றை அறிவியலாளர்கள் முக்கியக் காரணங்களாகச் சொல்கிறார்கள். முதல் இரண்டையும் பள்ளிக்கூட வாசலிலேயே பார்க்கலாம்.

பல பள்ளி வளாகங்களில் மண் தரை மறைந்து சிமென்ட் தளமும் பேவர் பிளாக்கும் வந்துவிட்டன. மழைக்காலத்தில் சேறு ஆகாது, கூட்டுவது சுலபம் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் மண்ணில் கூடு வைக்கும் தேனீக்கு அங்கே வாசல் அடைக்கப்பட்டுவிட்டது. வேலியோரத்துத் தும்பையும் பிற களைச்செடிகளும் வெட்டப்படும்போது சாப்பாடும் போய்விடுகிறது.

அடுத்தது பூச்சிக்கொல்லி. இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் செடிக்குள் ஊடுருவிச் செல்பவை. விதையில் கலந்தாலும் மகரந்தம், தேன் வரை போய்ச் சேரக்கூடியவை. தேனீக்களுக்கு ஆபத்து என்று கூறி, இவற்றில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளி வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. இந்தியாவில் இந்த வகை மருந்துகள் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன.

மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணக் குறி இருக்கும். பச்சை என்றால் ஆபத்து குறைவு என்பது பொதுவான புரிதல். ஆனால் அந்த நிறம் பாலூட்டிகளுக்கு எவ்வளவு நச்சு என்பதை வைத்துத் தரப்படுவது. தேனீக்கும் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தமில்லை.

விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

வகுப்பறையில் இந்தப் பாடத்தை நடத்துவது நினைப்பதைவிடச் சிக்கலானது. "பூச்சிமருந்து அடிப்பது தப்பு" என்று ஆசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டால், முன் பெஞ்சில் இருக்கும் விவசாயியின் பிள்ளை தன் அப்பாவைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

கத்தரியில் காய்ப்புழு விழுந்தால் அந்த விவசாயிக்கு அந்தப் போகமே போய்விடும். சொத்தைக் காயைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். பளபளப்பான காய் வேண்டும் என்று கேட்பவர்களில் நகரத்து வீடுகளும் உண்டு. அந்தச் சங்கிலி முழுவதையும் காட்டாமல் விவசாயியை மட்டும் காட்டுவது பாதிப் பாடம்.

"எப்போ அடிக்கலாம்?" என்ற கேள்வி இன்னும் பயனுள்ளது. பரங்கிப் பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். காலையில் மருந்து அடித்தால் அது நேராகத் தேனீ மேல் விழும். மாலையில் அடித்தால் பாதிப்பு குறையும். சுரைப்பூவும் புடலம்பூவும் நேர்மாறு. அவை சாயங்காலத்துக்கு மேல் விரிந்து அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். அங்கே மாலையில் அடிப்பது தவறான நேரம்.

இதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. மருந்து அடிக்கும் கூலி ஆள் கிடைப்பது பெரும்பாலும் காலையில்தான். காற்று குறைவாக இருக்கும் நேரமும் அதுதான். செடிக்குள் ஊடுருவும் மருந்துகளுக்கு நேரத்தை மாற்றினாலும் முழுப் பலன் கிடைக்காது. எல்லாப் பயிருக்கும் ஒரே விடை இல்லை என்பதையும், எது முடியும், எது முடியாது என்பதையும் வீட்டில் பேசிப் பார்க்கிற மாணவர்தான் இந்தப் பாடத்தை உண்மையில் படித்தவர்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய செலவோ ஆய்வகமோ தேவையில்லை. பருவமும் பள்ளி நாட்காட்டியும் நன்றாகவே பொருந்துகின்றன. ஆடிப்பட்டத்தில் பரங்கி விதை போட்டால் சுமார் ஒன்றரை மாதத்தில், காலாண்டுத் தேர்வை ஒட்டிப் பூக்கத் தொடங்கும். இரண்டு எளிய பயிற்சிகள் இதோ.

1. மூன்று பூ சோதனை

பரங்கியின் பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். மொட்டுக்கு அடியில் குட்டிக் காய் போன்ற உருண்டை இருக்கும். மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகளில் இரண்டை முதல்நாள் மாலையே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்ட வேண்டும். மூன்றாவதைத் திறந்தபடி விட வேண்டும்.

மறுநாள் காலை, மூடிய இரண்டில் ஒன்றை மட்டும் திறந்து, ஆண் பூவின் மகரந்தத்தை மாணவர்கள் கையால் தடவி மறுபடி மூட வேண்டும். இன்னொன்றைத் திறக்கவே கூடாது. ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். மூடியே வைத்த பூவின் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். கையால் தடவியது காயாகும். திறந்து விட்டது காயானதா, இல்லையா என்பதுதான் அந்தப் பள்ளி வளாகத்தில் தேனீக்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்பதற்கான முதல் குறிப்பு. ஒரே செடியை வைத்து முடிவு கட்டாமல், பல செடிகளில் செய்து பார்ப்பது நல்லது.

2. பத்து நிமிடக் கணக்கு

பிரிட்டனின் மகரந்தச் சேர்க்கையாளர் கண்காணிப்புத் திட்டத்தில் பொதுமக்களும் மாணவர்களும் பயன்படுத்தும் முறை இது. பூக்கள் உள்ள இடத்தில் 50 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தைக் குறிக்க வேண்டும். பத்து நிமிடங்கள் அங்கே வரும் பூச்சிகளை எண்ண வேண்டும். இனத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. தேனீ, ஈ, வண்டு, பட்டாம்பூச்சி, எறும்பு என்று பிரித்தால் போதும்.

நிலம் இல்லாத நகரப் பள்ளிகளிலும் மொட்டை மாடித் தொட்டியில் துளசியும் கொத்தமல்லியும் பூக்க விட்டால் இந்தக் கணக்கை எடுக்கலாம். மொபைலில் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவேற்றினால், அது என்ன பூச்சி என்று அடையாளம் சொல்ல உலகம் முழுவதும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள்.

திட்டங்கள் இருக்கின்றன, தடை எங்கே?

சுற்றுச்சூழல் கல்விக்குச் சட்ட ஆதரவு புதிதல்ல. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொன்னது. 2001இல் தேசிய பசுமைப் படைத் திட்டம் தொடங்கப்பட்டு, பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் வந்தன. மதிய உணவுத் திட்டத்தின் கீழ் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க 2019இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 10ஆம் வகுப்பு வரை சத்துணவு கிடைக்கிறது. பாடமும் தோட்டமும் சமையலறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

ஆனால் மூன்றும் தனித்தனியாக ஓடுகின்றன. அறிவியல் ஆசிரியரின் கவனம் பொதுத் தேர்வில். தோட்டம் மன்றப் பொறுப்பாளருடையது. சமையல், சத்துணவு அமைப்பாளருடையது. பூவைப் படிக்கும் நேரத்தில் யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. தோட்டத்தில் காய் பறிக்கும்போது யாரும் பூவைப் பற்றிப் பேசுவதில்லை.

கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் செடிகள் காய்ந்துபோவது இன்னொரு பிரச்னை. முருங்கை, கறிவேப்பிலை போல வறட்சி தாங்கும் மரங்களையும், ஆடியில் தொடங்கி அரையாண்டுக்குள் முடியும் காய்களையும் தேர்ந்தெடுத்தால் இதைச் சமாளிக்கலாம்.

ஸ்லோவீனியாவில் எப்படிச் செய்கிறார்கள்?

உலகத் தேனீ நாளே ஓர் ஆசிரியரின் பிறந்தநாள்தான். 1734இல் இன்றைய ஸ்லோவீனியாவில் பிறந்த அன்டோன் யான்ஷா, வியன்னாவில் தேனீ வளர்ப்பு கற்றுத்தந்த முன்னோடி. ஸ்லோவீனியாவின் முயற்சியால் 2017 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்த நாளை அறிவித்தது. 2018 மே மாதம் முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது.

அந்த நாட்டின் தேனீ வளர்ப்போர் சங்கம் 2007இல் பள்ளிகளில் 'தேன் காலை உணவு' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 2011இல் அது நாடு தழுவிய பாரம்பரியக் காலை உணவு நாளாக விரிந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் உள்ளூர் ரொட்டி, வெண்ணெய், பால், தேன், ஆப்பிள் ஆகியவற்றைப் பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடுவார்கள். உணவு எங்கிருந்து வருகிறது என்ற பேச்சும் அங்கேயே நடக்கும்.

இங்கே அதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. சத்துணவில் காய்கறி சேரும் ஒரு நாளில், "இதில் பூச்சி உதவி செய்த காய் எது?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாலே போதும்.

பூச்சி வேலையை மனிதன் செய்தால்?

"பூச்சி இல்லன்னா நாமளே கையால செஞ்சுக்கலாமே" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்குப் பதில் வெனிலா.

மெக்சிகோவிலிருந்து ரீயூனியன் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட வெனிலாக் கொடி அங்கே பூத்தது, காய்க்கவில்லை. சொந்த ஊரில் அதற்கு உதவிய தேனீக்கள் அங்கே இல்லை. 1841இல், அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட் ஆல்பியஸ் சிறு குச்சியும் விரலும் கொண்டு பூவில் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுவதும் அவர் காட்டிய வழிதான். கேரளா, பொள்ளாச்சி வெனிலாத் தோட்டங்களிலும் அதே முறைதான்.

வெனிலாப் பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். அன்றைக்குள் ஒவ்வொரு பூவையும் ஒருவர் கையால் தொட வேண்டும். இயற்கை வெனிலா உலகின் விலை உயர்ந்த நறுமணப் பொருள்களில் ஒன்றாக இருக்க இதுவும் ஒரு காரணம். பரங்கிக்கும் முருங்கைக்கும் கடுகுக்கும் இப்படிக் கூலி கொடுக்க வேண்டியிருந்தால் சாம்பார் என்ன விலை ஆகும் என்பதை மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கொட்டிவிடுமே, பாதுகாப்பு?

பெற்றோரின் பயம் நியாயமானது. தனியாக வாழும் தேனீக்கள் பொதுவாக யாரையும் துரத்திக் கொட்டுவதில்லை. கொசுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாது. மலைத்தேனீயின் விஷயம் வேறு. பள்ளிக் கட்டடத்திலோ தண்ணீர்த் தொட்டியிலோ அதன் அடை இருந்தால் கல் எறிவதும் புகை போடுவதும் ஆபத்து. மாணவர்களை அந்தப் பக்கம் விடாமல், தீயணைப்புத் துறைக்கோ பயிற்சி பெற்றவர்களுக்கோ தகவல் தர வேண்டும்.

கூட்டமாகத் துரத்தினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு மூடிய அறைக்குள் ஓட வேண்டும். தோலில் நிற்கும் கொடுக்கை உடனே அகற்ற வேண்டும். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, மூச்சுத் திணறல், முகம் வீக்கம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து என்ன?

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் வளாகத்தில் சிமென்ட் போடாத ஒரு மூலையை அப்படியே விட்டுவைக்க முடிவு செய்யலாம். ஆடியில் பரங்கி விதைக்கலாம். பூக்கும்போது எண்ணலாம்.

முதல் வருஷத்து எண்ணிக்கையை மட்டும் வைத்து, தேனீ கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. அதே இடத்தில், அதே மாதத்தில், நான்கைந்து வருஷம் வெவ்வேறு வகுப்பு மாணவர்கள் எண்ணி ஒரே நோட்டில் எழுதி வைத்தால் சொல்லலாம். 8ஆம் வகுப்பில் அந்த நோட்டில் முதல் பக்கம் எழுதியவர் 12ஆம் வகுப்பில் அதைப் புரட்டிப் பார்க்கும்போது, தன் ஊரில் பூச்சிகளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டியிருக்காது.